இசட் டிரைவைக் காணோம்

1980களின் நடுவில் கணினியால் ஒரு டிஸ்க்கைப் படிக்க முடியாமல் போனால், கறுப்புத் திரையில் மூன்று சொற்கள் வரும்: அபார்ட், ரீட்ரை, இக்னோர். விட்டுவிடலாமா, மறுபடி பார்க்கலாமா, கண்டுகொள்ளாமல் போகலாமா என்று நம்மிடமே கேட்கும். காரணம் அநேகமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஃப்ளாப்பியைச் சரியாகச் செருகியிருக்க மாட்டோம், டிரைவின் தாழ் விழுந்திருக்காது, அல்லது பின்னால் கேபிள் கழன்றிருக்கும். இன்று அதே இடத்தில் வேறு வாசகம் வருகிறது: இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. கழல்வதற்குக் கேபிளே கிடையாது. கணினி நேற்றுத்தான் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஆனாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காததால் புதிது வாங்க நேர்ந்தவர்கள் நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் டெக்சஸின் பிளேனோவிலும் உண்டு. அவர்களில் கட்டட வரைபடம் போடுகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவர்கள், தமிழ்ச் சங்க மலருக்குப் பக்கம் கட்டுகிறவர்கள் இருந்தால், கணினி தெரிந்த நண்பருக்கு வாட்ஸப்பில் இப்படி ஒரு செய்தி போகும்: "அண்ணா, புது லேப்டாப்ல ஆட்டோகேட் ஓடுது. ஆனா இசட் டிரைவைக் காணோம். விண்டோஸ்ல பாத்தா இருக்கு, ஆட்டோகேட்ல மட்டும் இல்ல."

இருக்கிறது, ஆனால் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு டிரைவைப் பற்றி இப்படி யாரும் பேசியிருக்க முடியாது. அன்றைய கணினிக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: கோப்பு எங்கே இருக்கிறது? இன்றைய கணினி அதற்கும் முன்னால் வேறொன்றைக் கேட்கிறது: கேட்பது யார்? கேள்வி மாறிவிட்டது. நம்மில் பலர் இன்னும் பழைய கேள்விக்கே பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று மாநிலத்துச் சரக்கு

அமெரிக்கத் தமிழர் திரளாக வாழும் மூன்று பகுதிகளும் இந்தக் கதையில் ஆளுக்கொரு பங்கு கொடுத்திருக்கின்றன.

டிஸ்க் வந்தது கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலிருந்து. சான் ஹோசே நகரில் நோட்ர டாம் அவென்யூ 99ஆம் எண் கட்டடத்தில் ஐபிஎம் பொறியாளர்கள் உருவாக்கிய ரேமாக், 1956இல் வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவையும் சேர்த்துக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல படத்திலேயே அது நிறைந்துவிடும். 1980இல் சீகேட் நிறுவனம் ஸ்காட்ஸ் வேலியில் அதே கொள்ளளவை மேசைமேல் வைக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கியது. வடிவமைப்பு மென்பொருள்களும் இதே வட்டாரம்தான். மில் வேலியில் 1982இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் தொடங்கிய ஆட்டோடெஸ்க், அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்டோகேடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே டிசம்பரில் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் அடோபியைத் தொடங்கினார்கள். வார்னாக்கின் லாஸ் ஆல்டோஸ் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயரே கம்பெனிக்கு வந்தது.

பெட்டி வந்தது டெக்சஸிலிருந்து. ஐபிஎம் கணினிக்கு ஒத்துப்போகும் பெட்டி ஒன்றை ஹூஸ்டனில் மூன்று பொறியாளர்கள் உணவகத்துக் காகித விரிப்பில் வரைந்து 1982இல் காம்பாக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஆஸ்டினில் பல்கலைக்கழக மாணவராக இருந்த மைக்கேல் டெல், தான் தங்கியிருந்த 2713ஆம் எண் அறையிலிருந்து கணினி விற்கத் தொடங்கினார். வரைபட அலுவலகங்களின் மேசைகள் விலை குறைந்த பெட்டிகளால் நிறைந்தது இவர்களைப் போன்றவர்களால்தான்.

அனுமதி வந்தது நியூ ஜெர்சியிலிருந்து. மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு உரிமையாளர் உண்டு. அவர் என்ன செய்யலாம், மற்றவர் என்ன செய்யலாம் என்பது தனித்தனியாகக் குறிக்கப்படும். உரிமையை மாற்ற ஒரு கட்டளை, அனுமதியை மாற்ற ஒரு கட்டளை. இவ்வளவும் அந்த முதல் கையேட்டிலேயே இருக்கின்றன. பலர் பகிர்ந்துகொண்ட கணினிக்கானது அது. ஒருவர் கோப்பை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது என்ற கவலை அங்கே இயல்பாகவே இருந்தது.

இந்த மூன்றும் ஒரே மேசையில் சேர இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. டெக்சஸ் பெட்டியும் கலிபோர்னியா டிஸ்க்கும் சீக்கிரமே கைகோத்துக்கொண்டன. நியூ ஜெர்சியின் அனுமதி மட்டும் வெகுகாலம் வெளியே நின்றது. மேசைக் கணினி ஒரே ஆளுடையது, அதில் யாரிடமிருந்து யாரைக் காப்பது என்ற நினைப்புதான் காரணம்.

அன்று: கையோடு முடிந்த வேலை

டிரைவுக்கு எழுத்தால் பெயர் வைக்கும் வழக்கத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது, கேரி கில்டால் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவில் எழுதிய சிபி/எம் இயங்குதளம். அதன் வழியில் எம்எஸ்-டாஸ் வந்தது. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு. 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்க்குடன் வந்தபோது மிச்சமிருந்த அடுத்த எழுத்து சி. ஃப்ளாப்பி மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் நம் கணினி சியிலிருந்தே தொடங்குவது அதனால்தான்.

டாஸ் பயன்படுத்திய கோப்பு முறையில் உரிமையாளர் என்ற கட்டமே இல்லை. யார் முன்னால் உட்கார்ந்தாரோ அவரே உடைமைக்காரர். ஆகவே புதுக் கணினி வாங்கினால் மாற்றம் எளிது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதன் பின்புறம் உள்ள சின்ன ஜம்பரை 'மாஸ்டர்' நிலையிலிருந்து 'ஸ்லேவ்' நிலைக்கு மாற்றி, பட்டைக் கேபிளின் சிவப்பு விளிம்பு சரியான பக்கம் வரும்படி செருகி, கணினியைப் போட்டால் டி டிரைவ் வந்து நிற்கும். வரைபடம் அத்தனையும் திறக்கும். வராவிட்டால் ஜம்பர் தப்பு, அல்லது கேபிள் தப்பு. கைவேலையும் கண்பார்வையும் போதும்.

மேக்கின்டாஷ் வைத்திருந்தவர்கள் வேறு வகையில் அவதிப்பட்டார்கள். ஸ்கஸி கேபிளில் வரிசையாகக் கோத்த கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்க வேண்டும், கடைசியில் டெர்மினேட்டர் என்ற முனைமூடி இருக்க வேண்டும். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்தால் டிரைவ் தென்படாது, சில சமயம் கணினியே எழுந்திருக்காது. அச்சகத்துக்குக் கோப்பைக் கொண்டுபோக ஃப்ரீமாண்டின் சைக்வெஸ்ட் கம்பெனி செய்த 44 எம்பி கார்ட்ரிட்ஜ், 1990களின் நடுவிலிருந்து 100 எம்பி ஜிப் டிஸ்க். அன்றைக்கு ஒரு கோப்பை அணுக முடியவில்லை என்றால், எதிர்த் தரப்பில் அந்த டிரைவ் இல்லை என்று அர்த்தம். வடிவமைப்பாளர் வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே, "உங்ககிட்ட சைக்வெஸ்ட் இருக்கா, ஜிப் இருக்கா?" என்று அச்சகத்தில் கேட்டுக்கொள்வார்.

1990 பிப்ரவரியில் மேக்கில் மட்டும் வந்த அடோபியின் ஃபோட்டோஷாப், 1993இல் விண்டோஸுக்கும் வந்தது. அந்த விண்டோஸ் பதிப்பில் உழைத்தவர் சீதாராமன் நாராயணன். ஃபோட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் பல ஆண்டுகளாக உலகமே பார்த்துப் பழகிய பெயர் அது. நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், பெரிய படத்தைக் கையாள ஃபோட்டோஷாப் டிஸ்க்கிலேயே தனக்கென்று ஒரு வேலையிடம் எடுத்துக்கொண்டது. அதற்கு 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று பெயர். அது நிறைந்துவிட்டால் நகராது. இருக்கும் படங்களை அழித்து இடம் பண்ண வேண்டும், அல்லது சன்னிவேலில் 1985இல் தொடங்கிய ஃப்ரைஸ் கடைக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வர வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலும் சர்க்யூட் போர்டும் ஒரே கூரையின் கீழ் விற்ற அந்தக் கடைகள் 2021 பிப்ரவரியில் ஒரேயடியாக மூடப்பட்டன. கையால் தொட்டுத் தீர்க்கும் காலம் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

ஓர் எழுத்தின் ஆட்சி

கணினிகள் அலுவலக வலைப்பின்னலில் இணைந்தபோது டிரைவ் எழுத்துக்குப் புதுப் பொருள் வந்தது. நாவெல் நெட்வேர் காலத்தில் எஃப் என்றால் சர்வர். அப்புறம் அலுவலகத்துக்கு அலுவலகம் எக்ஸ், இசட் என்று வழக்கங்கள் தோன்றின. எழுத்து இருந்தது மேசையில், டிஸ்க் இருந்தது வேறு அறையில்.

வரைபடக்காரர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருந்தது. 1990இல் வந்த ஆட்டோகேட் 11ஆம் வெளியீட்டில் 'எக்ஸ்ரெஃப்' வசதி சேர்ந்தது. தரைத்தளப் படம் ஒரு கோப்பு, தூண்கள் ஒரு கோப்பு, மின்கம்பி ஒரு கோப்பு. எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் முழுப் பாதையாகவே எழுதப்பட்டது. இசட் டிரைவ், அதற்குள் இந்த ஃபோல்டர், அதற்குள் இந்தக் கோப்பு என்று. புதுக் கணினியில் அதே சர்வரை யாராவது ஒய் என்று இணைத்துவிட்டால் தூண்கள் காணாமல் போகும், மின்கம்பி காணாமல் போகும். கோப்பின் பெயர் மட்டும் திரையில் அநாதையாக நிற்கும். இண்டிசைனில் பக்கம் கட்டுகிறவர்களும் படங்களின் இணைப்பு அறுந்து இதே துன்பத்தைப் பட்டார்கள்.

தீர்வு எளிது: பழைய எழுத்தையே கொடு. ஆட்டோகேட் 2018 முதல், இணைப்புகளைச் சார்புப் பாதையாக எழுதுவதே இயல்பாகிவிட்டது. அதாவது, "என் பக்கத்து ஃபோல்டரில் இருக்கிறது" என்று மட்டும் குறித்துக்கொள்ளும், எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்காது. ஆனால் அதற்கு முன் எழுதிய ஆயிரக்கணக்கான வரைபடங்கள் அலுவலகங்களில் கிடக்கின்றன. ஆகவே புதுக் கணினியில் முதலில் சரிபார்க்க வேண்டியது இன்றைக்கும் இதுதான். எழுத்து ஒன்றா? பாதை ஒன்றா? பழைய கேள்வி செத்துவிடவில்லை. அதன் மேல் புதிய கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அனுமதி மேசைக்கு வந்த விதம்

1993 ஜூலையில் விண்டோஸ் என்டி வெளிவந்தது. அதனோடு வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரும், யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலும் உண்டு. மர்ரே ஹில்லின் சிந்தனை அலுவலகக் கணினிக்கு வந்துவிட்டது. வீட்டுக் கணினியோ விண்டோஸ் 95, 98 என்று பழைய வழியிலேயே போனது. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோதுதான் இரண்டும் ஒன்றாயின. அப்போதும் பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் முழு அதிகாரம் கொண்ட அட்மின் கணக்கிலேயே உட்கார்ந்திருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டா அதை மாற்றியது. நீங்கள் அட்மினாகவே இருந்தாலும் அன்றாட வேலைக்குச் சாதாரண ஆளாகத்தான் நடத்துவேன், முக்கியமான காரியத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு அதிகாரம் தருவேன் என்றது. திரை மங்கி "அனுமதிக்கட்டுமா?" என்று கேட்கும் அந்தப் பெட்டியை அன்றைக்குத் திட்டாதவர் இல்லை.

இன்று: அட்மினுக்குத் தெரியாத டிரைவ்

வாட்ஸப்பில் வந்த கேள்விக்கு விடை அந்த விஸ்டா ஏற்பாட்டில் இருக்கிறது. அட்மின் ஒருவர் விண்டோஸில் நுழைந்ததும் அவருக்கு இரண்டு அடையாளங்கள் கிடைக்கின்றன. ஒன்று சாதாரணம், மற்றது முழு அதிகாரம். சர்வரை இசட் என்று இணைத்தது சாதாரண அடையாளம். அந்த இணைப்பு அதற்கு மட்டுமே சொந்தம். மென்பொருள் சரியாக ஓடவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, ஐகானில் 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று நிரந்தரமாக டிக் போட்டிருப்போம். அப்போது ஆட்டோகேட் முழு அதிகார அடையாளத்தில் திறக்கிறது. அந்த அடையாளம் இசட் என்ற ஒன்றைக் கண்டதே இல்லை. அதிகாரம் கூடியதால் டிரைவ் மறைந்துவிட்டது. "எங்கே?" என்று மட்டும் யோசிக்கிறவருக்கு இது பிடிபடாது. அவர் கேபிளைப் பார்ப்பார், ரவுட்டரை அணைத்துப் போடுவார், கடைசியில் ஆட்டோகேடை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுவார். இசட் வராது.

முதல் மருந்து அந்த டிக்கை எடுப்பது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கட்டாயம் அட்மினாகத்தான் ஓட வேண்டுமென்றால், அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட் யூஸ்' கட்டளை கொடுத்து அந்த அடையாளத்துக்கும் தனியாக இசட்டை இணைக்க வேண்டும். இரண்டு அடையாளங்களும் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும்படி ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள் லிங்க்ட் கனெக்ஷன்ஸ்' என்ற பதிவைச் சேர்க்கவும் வழி உண்டு. ஆனால் அலுவலகக் கணினியில் அதைக் கேட்காமல் செய்யக் கூடாது. எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு சாய்கோடு போட்டுச் சர்வரின் பெயரையே பாதையாகக் கொடுத்துப் பழகுவது நீண்டகாலத்துக்கு நல்லது.

பழைய டிஸ்க், பழைய பட்டா

இரண்டாவது வகை, பழைய கணினியின் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் புதுக் கணினியில் செருகுவது. ஜம்பர் காலத்தில் உடனே திறந்த வேலை. இப்போது படங்கள் ஃபோல்டரைத் தட்டினால் அனுமதி இல்லை என்று வருகிறது. "அதே பேரு, அதே பாஸ்வேர்டுதானே, நான்தானே?" என்று கோபம் வரும். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. கணக்கு உருவான அன்று கொடுத்த நீளமான அடையாள எண்ணைத்தான் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. புதுக் கணினியில் உங்கள் பெயருக்கு வேறு எண். ஊரில் தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை வைத்துக்கொண்டு, அதே பெயர் சூட்டப்பட்ட பேரன் நிலத்தை விற்கப் போனால் என்ன ஆகுமோ அதுதான் இது. பெயர் மாற்றம் நடந்தாக வேண்டும். அந்த ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்தில் போய் உரிமையாளராகப் புதிய கணக்கைப் பதிந்தால் திறக்கும். தேவையான ஃபோல்டருக்கு மட்டும் செய்வது புத்திசாலித்தனம். டிரைவ் முழுக்க உரிமையை மாற்றி 'எல்லோருக்கும் முழு அனுமதி' கொடுப்பது, கதவையே பெயர்த்து எடுப்பது.

டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்த வழியும் உதவாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் கணினிகளில், வீட்டுப் பதிப்பாக இருந்தாலும், டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்படுகிறது. அதைக் கழற்றி வேறு இடத்தில் செருகினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். எண் இருப்பது அந்தக் கணக்கில். கணக்கு யாருடையது? கடைக்காரர் அவசரத்துக்குத் தொடங்கியதா, கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளையுடையதா? பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆளை விட்டார்கள், மென்பொருளை விடவில்லை

மூன்றாவது வகை இன்னும் நுட்பம். உங்களுக்கு அனுமதி உண்டு, உங்கள் சார்பில் போகும் மென்பொருளுக்கு இல்லை. 2019 அக்டோபரில் வந்த மேக் கேட்டலினாவிலிருந்து, டெஸ்க்டாப், ஆவணங்கள், கழற்றக்கூடிய டிரைவ், வலைப்பின்னல் டிரைவ் எதையும் ஒரு செயலி தொடுவதற்கு முன் உங்களைக் கேட்டாக வேண்டும். அவசரத்தில் "வேண்டாம்" என்று ஒருமுறை தட்டிவிட்டால் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபைண்டரில் திறக்கும் டிரைவ் ஃபோட்டோஷாப்பில் திறக்காது. அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் வந்த டிரைவை மேக்கில் செருகினால் இன்னொரு சங்கடம்: என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், அதில் எழுதாது. சேமிக்க முடியவில்லை என்று புலம்புகிறவர் அனுமதிகளைக் குடைந்து பயனில்லை. இரண்டு பக்கமும் போய்வரும் டிரைவ் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருக்க வேண்டும்.

விண்டோஸில் 2017 முதல் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற காவல் உண்டு. அதைப் போட்டுவைத்த கணினியில் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத செயலி, ஆவணங்கள் ஃபோல்டரில் எழுத முடியாது. எழுத்துருவிலும் இதே கதை. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ஃபான்ட்டை நிறுவினால் அது அந்த ஒரு கணக்குக்கு மட்டுமே போகிறது. சில பழைய மென்பொருள்களின் கண்ணில் அது படாது. தமிழ் எழுத்துரு போட்டும் பக்கத்தில் கட்டம் கட்டமாக வருகிறது என்றால், வலது கிளிக் செய்து 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்று கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டோகேடுக்குத் தனியாக ஒரு காவல் உண்டு. 2014 பதிப்பிலிருந்து, நம்பகமான பாதை என்று குறிக்காத இடத்திலிருந்து லிஸ்ப் நிரல்களை ஏற்றும் முன் நிறுத்திக் கேட்கும். பழைய கணினியில் பட்டியலிட்டுவைத்த பாதைகள் புதிதில் இருக்காது. இன்னொன்று, வரைபடம் திறந்திருக்கும்போது பக்கத்தில் தோன்றும் டிடபிள்யூஎல் என்ற சின்னப் பூட்டுக் கோப்பு. பழைய கணினி பாதியில் அணைந்தால் அது சர்வரிலேயே தங்கிவிடும். புதுக் கணினியில் திறந்தால், வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று வரும். அந்த வேறொருவர் பல நேரம் நேற்றைய நாமேதான். யாரும் உண்மையில் திறந்துவைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு அதை அழிக்கலாம்.

ஃபோட்டோஷாப்புக்குப் பழைய ஸ்கிராட்ச் டிஸ்க் இன்னும் இருக்கிறது. பழைய அமைப்புகளைப் புதுக் கணினிக்குக் கொண்டுவந்தால், இல்லாத டி டிரைவைத் தேடிக்கொண்டு திறக்காமலே நிற்கலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு திறந்தால் வேறு டிஸ்க்கைக் காட்டலாம். வலைப்பின்னல் டிரைவிலோ கழற்றும் டிரைவிலோ நேரடியாக வேலை செய்யாமல், கணினியின் சொந்த டிஸ்க்கில் வேலை செய்து முடித்த பின் நகலெடுக்கச் சொல்வது அடோபியின் வழக்கமான அறிவுரை.

யாருக்காக இந்தக் காவல்

இத்தனை கதவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். 2012இல் 'மெட்ரே' என்ற புழு பெருவில் பரவியது. அது எழுதப்பட்டிருந்தது ஆட்டோகேடின் சொந்த லிஸ்ப் மொழியில். வரைபட ஃபோல்டரிலேயே உட்கார்ந்துகொண்டு, திறக்கும் படங்களைச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. நம்பகமான பாதை என்ற காவல் இத்தகைய அனுபவங்களின் பிறகு வந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கெடுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த வழி, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் பழைய முதல் பதிப்பு. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுத்தத் தொடங்கியது. 24எச்2இன் ப்ரோ போன்ற பதிப்புகளில் கையொப்பமில்லாத இணைப்பையும், பாஸ்வேர்ட் இல்லாத 'விருந்தினர்' நுழைவையும் மறுத்துவிட்டது. வீட்டு அலமாரியில் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் நாஸ் என்ற வலைப்பின்னல் சேமிப்புப் பெட்டி, பழைய லேப்டாப்பில் திறந்து புதியதில் திறக்காததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, பாஸ்வேர்டுடன் ஒரு கணக்குத் தொடங்குவதே சரி. புதுக் கணினியின் காவலைத் தளர்த்துவது, மற்றவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாமும் பட்டுத் தெரிந்துகொள்ளக் கேட்பது.

தீர்க்கிறவர் மாறினார்

கேள்வி மாறியபோது பதில் சொல்கிறவரும் மாறினார். அன்று ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் தீர்த்துவைத்தார். இன்று அது உதவி மையத்துக்குப் போடும் ஒரு டிக்கெட். நியூ ஜெர்சியில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட டிக்கெட்டை, மறுநாள் அதிகாலை சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி எடுக்கிறார். டிக்கெட் போட்டவரின் திரைக்குள் தூரத்திலிருந்தே நுழைந்து பட்டியலில் ஒரு பெயர் சேர்க்கிறார். கை தொடும் வேலை எதுவும் இல்லை. அந்தத் தம்பிக்கு அதிகாரம் இருக்கிறது, டிக்கெட் போட்டவருக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இந்த வசதி இல்லாதவர்கள் சங்கத் தொண்டர்கள். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழா ஆண்டுதோறும் ஊர் மாறும். 2023இல் சாக்ரமெண்டோ, 2024இல் சான் அந்தோனியோ. உள்ளூர்ச் சங்கங்களிலும் பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பேஜ்மேக்கர் மென்பொருளில் பக்கம் கட்டிய காலத்தில் மலர் என்றால் ஒரு டப்பா ஃப்ளாப்பி, அதோடு அந்தந்தப் பக்கத்துக்கான எழுத்துருக் கோப்புகள். டப்பாவை ஒப்படைத்தால் பொறுப்பை ஒப்படைத்த மாதிரி. இன்று மலர் கூகுள் டிரைவில் இருக்கிறது. 2012இல் வந்த அந்த டிரைவை உலாவியில் திறந்தால் எழுத்தும் கிடையாது, இடமும் கிடையாது. உரிமையாளர் மட்டும் உண்டு. அவர் போன வருஷத்து ஆசிரியர், சொந்தக் கணக்கில் தொடங்கியிருப்பார், வேலை மாறி வேறு மாநிலம் போயிருப்பார். புது ஆசிரியர் "அனுமதி கேள்" என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்.

ஆகவே ஒப்படைக்கும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. பழைய கணினியை அணைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: எந்தெந்த எழுத்து எந்தச் சர்வருக்கு, வரைபட மென்பொருளின் நம்பகமான பாதைகள் எவை, டிஸ்க்கின் மீட்பு எண் எந்தக் கணக்கில் இருக்கிறது, எந்த ஃபோல்டர் உண்மையில் கணினியில் இருக்கிறது, எது ஒன்டிரைவ் மேகத்தில் இருந்துகொண்டு இங்கே நிழலாக மட்டும் நிற்கிறது, பொதுக் கோப்புகளின் உரிமையாளர் சங்கமா, அலுவலகமா, தனி ஆளா. கோளாறு வந்தபின் பார்க்கும் வரிசையும் இதையே ஒட்டியது. முதலில் டிரைவ் விண்டோஸில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அது பழைய கேள்வி: கேபிள், வைஃபை, எழுத்து, பாதை. விண்டோஸில் தெரிந்து மென்பொருளில் மட்டும் தெரியவில்லை என்றால் அது புதிய கேள்வி. அந்த மென்பொருள் இப்போது எந்த அடையாளத்தில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும்வரை எதையும் அழிக்கவும் வேண்டாம், திரும்ப நிறுவவும் வேண்டாம்.

கணினிக் கடையில் எத்தனை டெராபைட், எத்தனை ஜிபி என்று விசாரிக்கிறோம். அதெல்லாம் "எங்கே வைப்பது?" என்ற கேள்விக்கான அளவுகள். இந்தக் கணினியில் வரும் கோப்புகள் யார் பெயரில் பிறக்கும், அவர் இல்லாத நாளில் யார் திறப்பார் என்பதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. முதல்முறை போட்டவுடன் கணினியே கணக்கு யாருடையது என்று கேட்கிறது. நாம் அவசரத்தில் அடுத்து, அடுத்து என்று தட்டிக் கடந்துவிடுகிறோம். அங்கே ஐந்து நிமிஷம் நின்று யோசித்தவருக்கு, பின்னால் இசட் டிரைவைத் தேடும் வேலை பெரும்பாலும் இருக்காது.